கலர் மட்டும் அக்கா சொல்லட்டும்

இடித்துவிட்டது. மறுபடியும் அதே முட்டி.

கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ. நடுவில் இருந்த சந்துக்குள் புருஷன் பைக்கை நுழைத்துவிட்டான். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவளின் முட்டியை பஸ்ஸின் தகரம் தேய்த்துக்கொண்டு போனது.

ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டி நுழைந்துவிடும். இதுதான் குமரவேலின் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதே கணக்குத்தான். பெண்டாட்டியின் முட்டி ஹேண்டில்பாரையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே இல்லை.

"பாத்தியா, எப்பிடிப் பூந்து வந்துட்டோம்" என்றான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

வந்துட்டோமாம்.

ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். முட்டி இடிக்குதுங்க என்றாள். ஒட்டி உக்காரு என்றான். ஒட்டித்தான் உட்கார்ந்தாள். முட்டியைக் கழற்றிக் கைப்பையிலா போட முடியும்?

அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

இந்த வண்டி ஓய்ந்துவிட்டது. இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கத்தான் இப்போது போகிறார்கள்.

போன வாரமே சொன்னாள். வண்டியே வேண்டாம். ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது, ரயிலில் போய்க்கொள்ளலாம் என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். டூவீலர் இல்லாமல் இந்த ஊரில் பிழைக்க முடியுமா, கார்க்காரன் நின்றுகொண்டே இருப்பான், நாம் பாட்டுக்குச் சந்தில் பூந்து போய்க்கொண்டே இருக்கலாம் என்றான்.

பூந்து. அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஷோரூமில் ஏசி ஜில்லென்று இருந்தது.

அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். குடிக்க ஜூஸ் கொடுத்தார்கள். டை கட்டிய பையன் குமரவேலோடு பேசினான். மைலேஜ், பிக்கப், சர்வீஸ். குமரவேல் புது வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் தலையைக் கோதிக்கொண்டான்.

பின்னால் உட்காரப் போகிறவளைப் பார்த்து ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, உங்களுக்கு இது வேணுமா என்று கேட்கவில்லை.

"சார் செலக்ட் பண்ணிட்டாரு. கலர் மட்டும் அக்கா சொல்லட்டும்."

பையன் கலர் அட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"ஆமாமா, அது அவ டிபார்ட்மென்ட்டு" என்றான் குமரவேல். வாயெல்லாம் பல்.

அட்டையைப் பார்த்தாள்.

குனிந்தாள். அத்தனை பேர் நடுவில், அத்தனை வெளிச்சத்தில், புடவையை முட்டிவரைக்கும் தூக்கினாள்.

பழைய அடி மஞ்சள் பூத்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று நீலம் பாரித்துக் கன்றியிருந்தது. இரண்டுக்கும் மேலே இன்றைக்குத் தோல் உரிந்த இடம் சிவப்பாக இருந்தது.

"இதுல எது வேணும்னு அவரையே கேளுங்க தம்பி."

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குமரவேல் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தான். முதலில் சுற்றும்முற்றும் பார்த்தான். புடவையை இறக்கு என்று பல்லிடுக்கில் சொன்னான். அதற்குப் பிறகுதான் முட்டியைப் பார்த்தான். குனிந்து, கிட்டத்தில் பார்த்தான்.

"ஐயையோ, இது எப்ப ஆச்சு?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நடிக்கிறான் என்றிருந்தால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். இதற்கு என்ன சொல்வது?

புடவையை இறக்கிவிட்டு எழுந்தாள். அட்டையைப் பையன் கையில் கொடுத்தாள்.

"அவருக்குப் பிடிச்ச கலரே இருக்கட்டும். பின்சீட்டை மட்டும் கழட்டிட்டுக் குடுங்க."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ரோடு முழுக்க வண்டிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"கஸ்தூரி, இரு இரு. வண்டியை எடுத்துட்டு வந்துடறேன், ஏறிக்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.