ஒன்பதாம் தேதி வகுப்பு

கல்லூரியில் ஆஸிம் எடுத்த இயற்பியல் வகுப்புகளின் வீடியோக்களை, கரும்பலகையில் இருப்பதைப் படித்துத் தேதிவாரியாக அடுக்கித் தந்தது புது ப்ரோக்ராம். மகளை மடியில் வைத்தபடி பட்டியலைப் பார்த்த அவன் மனைவி ஆஷிஃபா, ஜூலை ஒன்பதிலும் ஒரு வகுப்பு இருப்பதைக் கண்டாள். அது மகள் பிறந்த நாள்.

“அன்னைக்குப் பிரசவத்துல நீங்க என் கையை விடவேயில்லைன்னு எங்க அம்மா வீடு பூரா சொல்லிக்கினு இருக்கேன். காலேஜுல பாடமா நடத்திக்கினு இருந்தீங்க?”

“சத்தியமா உன்கூடத்தாம்மா இருந்தேன். கம்ப்யூட்டர் தப்பாப் படிச்சிருக்கும்.”

வீடியோவைத் திறந்தார்கள். பலகையில் அதே தேதி, கோணல்மாணலாக. ஆஸ்பத்திரிக்கு அவன் போட்டு வந்த அதே நீலச் சட்டை. கண் கலங்கி அதை நிறுத்தப்போன ஆஷிஃபா, கையை இழுத்துக்கொண்டாள்.

வலக்கைப் பழக்கக்காரனான ஆஸிம், அதில் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான். வலக்கை பக்கவாட்டில் நீண்டபடியே இருந்தது. யாரோ இறுகப் பிடித்ததுபோல் அதன் விரல்கள் நெருங்கி வெளுத்திருந்தன. நாற்பது நிமிட வகுப்பில் மூன்று முறை அவன் பாடத்தை நிறுத்தி, அந்தப் பக்கம் குனிந்து, “இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா” என்றான்.