தள்ளுகட்டைக்கு வைத்த பொட்டு

பல நிற மரத்துண்டுகளை ஒட்டிப் பேனா செய்யும் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த மின்ரம்பம் திடுக்கிட்டுக் கத்தியது.

"ஐயோ! வெறும் விரலால தள்ளுறாரே!"

முதலாளி தணிகாசலம் நகமளவு கருங்காலித் துண்டை அதன் பற்களை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். விரலுக்குப் பதிலாகத் தள்ள வேண்டிய தள்ளுகட்டை எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் இன்னும் கலையவில்லை.

"எனக்கு மரம் எது, விரல் எதுன்னு தெரியாது. சீக்கிரம் இறங்கி வாடா!" என்று அலறியது ரம்பம்.

"நானா? என்மேல ஒரு கீறல் விழ விடமாட்டார். அவ்வளவு மரியாதை," என்றது கட்டை.

ரம்பத்தின் அலறல் தணிகாசலத்துக்கு எப்போதும் கேட்கும் இரைச்சலாகவே கேட்டது.

துண்டு சட்டென்று புரண்டது. அவர் வீறிட்டார். யாரோ பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தார்கள். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

பற்களெல்லாம் நனைந்து நின்றது ரம்பம். தன்மேல் ஈரமாக ஏதோ தெறித்திருப்பதை உணர்ந்த கட்டை பூரித்துப்போனது.

"பார்த்தியா? இந்த அவசரத்துலயும் எனக்குப் புதுப் பொட்டு வச்சுட்டுத்தான் போயிருக்கார்!"