அப்பாவுக்கு அழ ஒரு ஆள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கட்டுரை கேட்பதை விட்டுவிட்டு, பட்ட கஷ்டத்தின் நினைவையே கேட்கத் தொடங்கியிருந்தன. ஏழை மாணவர்கள் விண்ணப்பிக்க உதவுவதற்காகக் கோடை விடுமுறையில் கலிபோர்னியாவிலிருந்து காசிமேட்டுக்கு வந்த ரோஷன், அஞ்சலையின் அப்பா அவள் கண்ணெதிரே கடலில் மூழ்கிய நினைவைப் பிரதி எடுத்தான். அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, தன்னுடையதுதான் என்று சத்தியம் செய்து சீட்டும் வாங்கிவிட்டான். அதே நினைவோடு பின்னால் விண்ணப்பித்த அஞ்சலையைத் திருடி என்று விரட்டினார்கள்.

இன்று அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான். திரையில் முகம் வீங்கியிருந்தது.

“ஷவர்ல நின்னாலே மூச்சு முட்டுது, அஞ்சலை. எங்கப்பா நல்லாத்தான் இருக்கார், ஆனா அவரைப் பார்த்தாலே பொணமாத் தெரியுது. இந்த நினைவை அழிக்கணும்னா அதோட சொந்தக்காரங்க சம்மதிக்கணுமாம். ப்ளீஸ், சரின்னு சொல்லு.”

அஞ்சலை வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் துண்டித்தாள்.

“அது உங்க நினைவாச்சே, சார். அஞ்சலையோடதுன்னு முதல்ல உங்க காலேஜ்ல ஒத்துக்குங்க, அப்புறம் சரின்னு சொல்றேன்.”

“சீட்டு போயிடுமே...”

“அப்ப நல்லா அழுவுங்க. எங்கப்பாவுக்கு அழ இத்தினி நாளா நான் ஒருத்திதான் இருந்தேன்.”