அருளப்பன் நிறுத்திய முள்

ஆவூர்க் கோயில் வாசலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. திருமணப் பூசை முடிந்து வெளியே வந்த மாப்பிள்ளை சவரிமுத்துவைத் தோழர்கள் சூழ்ந்துகொண்டு, அவன் கையிலிருக்கும் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கறுத்த முகமும் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களும் கொண்ட கனத்த கடிகாரம். காஷ்மீர்ச் சண்டையில் விமானத்தோடு விழுந்து செத்த அண்ணன் அருளப்பனுடையது. விமானம் நொறுங்கியும் அது நொறுங்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. தூணோரம் வெள்ளைச் சேலையில் நிற்கும் அருளப்பன் மனைவி லூர்தம்மாளின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கிறது. தினமும் சாவி கொடுத்தவள் அவள். பொத்தான்களை மட்டும் தொட்டதில்லை. பறக்கும்போது நேரம் பிடிக்க அருளப்பன் ஓடவிட்ட நீள முள், கடைசியாக அவன் விரல் நிறுத்திய இடத்திலேயே சாய்ந்து நிற்கிறது. "பொட்டியில பூட்டி வச்சு என்னத்தக் காணப்போற? தம்பி கட்டட்டும்" என்று நேற்று மாமியார் கை நீட்டினாள். இவளும் கொடுத்துவிட்டாள். "எல்லா முள்ளும் ஓடுது, இது மட்டும் ஏண்டா செத்துக் கெடக்கு?" என்கிறான் ஒரு தோழன். சவரிமுத்து கீழ்ப் பொத்தானை அமுக்குகிறான். நீள முள் துள்ளிப்போய்ப் பன்னிரண்டில் நிற்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். "பாத்தீங்களா அண்ணி, இத்தன நாளும் கோணலா நின்னத ஒரே அமுக்குல சரி பண்ணிட்டேன்!" லூர்தம்மாள் தூணை விட்டு ஓரடி முன்னால் வருகிறாள். "அது அவுக நிறுத்துன முள்ளு தம்பி" என்கிறாள். அதற்குள் பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்குகிறது. அவன் சிரித்தபடி காதைச் சாய்த்து, "என்ன சொன்னீங்க அண்ணி?" என்கிறான். "ஒண்ணுமில்ல. பொண்ணு தனியா நிக்கிது, போங்க."