வெட்டிய வார்த்தைகள் எங்கே போகும்?

ஸ்டோர்காரர் மூன்று கட்டு கேபிளையும் தன் நாற்காலிக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். பிறகு, "கேபிளும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று கம்பெனி ஆப்பில் பதில் அடித்தார். கூடவே இரண்டு வார்த்தை சேர்த்தார். அந்த இரண்டையும் இங்கே எழுத முடியாது.

கட்டட சைட்டில் வேலை நின்றுபோய் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். உட்காரட்டும்.

கேபிள் கேட்டவன் சைட் ஃபோர்மேன். ஸ்டோர்காரருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. போன வருடம் ஒரு டிரில் மிஷின் காணாமல் போனபோது எல்லார் முன்னாலும் இவரைத் திருடன் என்று சொன்னவன். மிஷின் பிறகு கிடைத்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று அவன் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மனைவி மட்டும் எப்போதாவது சுவரைப் பார்த்து, "அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்பாள். சுவரிடம்தானே சொல்கிறாள் என்று இவரும் இருந்துவிடுவார்.

ஆப்பில் மட்டும் பேச்சு உண்டு. அவன் ஒன்று சொல்ல, இவர் ஒன்பது சொல்ல, அலுவலகமே கூடி நின்று படித்துச் சிரிக்கும்.

கொஞ்ச நாளாக அதிலும் ஏதோ சரியில்லை. இன்று அவனிடமிருந்து வந்தது இது: "ஐயா, மூன்று கட்டு கேபிள் தேவை. தயவுசெய்து அனுப்பி உதவவும். நன்றி."

தயவுசெய்தாம். பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை.

போனை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துப் பெண்ணிடம் போனார். ஆப்பைச் செய்தவள் அவள்தான். அதற்கென்று தனியாக எதுவும் படித்தவள் அல்ல. திரையில் கட்டங்களை இழுத்து இழுத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்தே செய்துவிட்டாள்.

"இது யாரும்மா எழுதினது?"

முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். இவர்கள் இருவரின் சண்டை தாங்காமல் முதலாளி சொன்னாராம். நடுவில் ஏஐ கட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். திட்டையும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சையும் வெட்டிவிட்டு மரியாதையாக எழுது என்று அதனிடம் தமிழிலேயே சொல்லிவைத்தாளாம். அவ்வளவுதானாம்.

"நம்ம பேச்சு அதுக்குப் புரியுமா?"

"நல்லாவே புரியும் அண்ணே."

"கெட்ட வார்த்தை கூடவா?"

"உங்க ரெண்டு பேர் புண்ணியத்துல அதுதான் நல்லா புரியுது."

ஸ்டோர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் பாதியில் நின்று, உள்ளே வேறு ஏதோ குறுகுறுத்தது.

"வெட்டின வார்த்தையெல்லாம் எங்கம்மா போகும்?"

"எங்கயும் போகாது. உள்ளயே கிடக்கும். நான் எடுத்துப் பாக்குறதில்லை."

"இன்னைக்கு அவன் எழுதினதை எடு."

அவள் தயங்கினாள். மனசு கஷ்டப்படும், எதற்கு என்றாள். அதற்காகத்தானே வந்திருக்கிறேன் என்றார் அவர். அவன் என்ன திட்டியிருக்கிறான் என்று பார்த்து, முதலாளியிடம் காட்டி, இங்கே அவனா நானா என்று கேட்டுவிடப் போகிறார். வீட்டிலும் சொல்லிவிடப் போகிறார், உன் தம்பி உறவு இத்தோடு சரி என்று.

அவள் ஒரு கட்டத்தைத் தட்டினாள். கண்ணாடியை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "நீயே படி. ஒரு வார்த்தை விடாதே."

அவள் படித்தாள்.

"மாமா, நான் ஒரு மடப்பய. அந்த டிரில்லு என் வண்டி சீட்டுக்கு அடியிலதான் கிடந்துச்சு. உங்களைத் திருடன்னு சொன்ன இந்த நாக்கு அழுகிப் போகணும். நேத்தும் எழுதினேன், அதைப்பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலை. மூணு கட்டு கேபிள் வேணும்."

ஸ்டோர்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"தன்னைத்தானே திட்டிக்கிறாருன்னு அதுக்குத் தெரியலை அண்ணே. திட்டுன்னு நினைச்சு வெட்டிருச்சு. டிரில்லு கதை வேலைக்குச் சம்பந்தமில்லைன்னு அதையும் சேர்த்து."

"நேத்து எழுதினது?"

அதையும் எடுத்துப் படித்தாள்.

"மாமா, நான் அவ்வளவு கேவலமா பேசியும் நீங்க தினமும் 'பொறுத்தருளுங்கள்'னு எழுதுறீங்க. படிக்கப் படிக்க வெக்கமா இருக்கு. நானெல்லாம் ஒரு மனுசனா?"

ஸ்டோர்காரர் நிமிர்ந்தார். "நான் எப்பம்மா அப்படி எழுதினேன்?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டம் ரெண்டு பக்கமும் வேலை செய்யும் அண்ணே."

அவள் விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது.

"நீங்க எழுதினதும் உள்ள இருக்கு. எடுக்கவா?"

"வேண்டாம், வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

ஸ்டோருக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "சுவத்துக்கிட்ட கேட்டுக்கிட்டு இருப்பியே, அவன் சாயங்காலம் சாப்பிட வரான்" என்று மட்டும் சொல்லி வைத்தார். மூன்று கட்டு கேபிளையும் தானே தோளில் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குக் கிளம்பினார்.

போகிற வழியில் அலுவலக வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் எழுதினது மட்டும் எங்கயாவது போயிடுறதுக்கு ஒரு வழி இருக்கா?"