நாலு வளை போதும்

எலிக் கூட்டத்தில் காய்ச்சல் பரவியது. வேலியோரத்துக் கசப்பிலை அதற்குக் கேட்குமா என்று பார்க்கும் வேலை சுண்டெலிக்கு வந்தது. இலையைக் கொடுக்கும் முன், சோதனை எப்படிப் போகும் என்று பார்க்க, அது புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசி உருட்டியது. ஒரு கொட்டை ஒரு எலி; வெள்ளை விழுந்தால் எலி பிழைத்தது, கறுப்பு விழுந்தால் செத்தது. இலை கேட்கும் என்றே வைத்துக்கொண்டு, பாதி வளைகளுக்கு மட்டும் அதைக் கொடுத்ததாக, வளைவளையாக, நாள் முழுக்க உருட்டியது. தங்கள் கூட்டத்தில் இருப்பதுபோல் வளைகள் நாலே நாலு என்றால், கேட்கிற மருந்தும் பெரும்பாலும் கேட்காத மாதிரியே தெரிந்தது.

"ஒரே வளைக்காரங்க பிழைச்சா கூட்டமாப் பிழைப்பாங்க, செத்தாலும் அப்படித்தாண்ணே. எலி நிறைய இருந்து என்ன? வளை நிறைய வேணும். மேட்டு எலிங்க வளைகளையும் சேத்துக்கக் கேளுங்க," என்று தலைவரிடம் போய்ச் சொன்னது சுண்டெலி.

"அவனுங்க வாசல்ல நான் போய் நிக்கணுமா?" தலைவர் பெருச்சாளி சீறியது. "நம்ம நாலு வளையிலயே ஏகப்பட்ட எலி இருக்கு. நீ கொட்டையை உருட்டி விளையாடு, போ."

இரண்டு வளைக்கு இலை கொடுத்தார்கள், இரண்டுக்குக் கொடுக்கவில்லை. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இலை வெறும் குப்பை என்று அறிவித்து, செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தார்கள்.

மழைக்குப் பின் பெருச்சாளியின் மகள் காய்ச்சலில் விழுந்தாள். பெருச்சாளி சுண்டெலியின் வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்தியது.

"தம்பி, அந்த இலை ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சிருப்பியே?"

"என் பிள்ளைக்கே இல்லாமப் போச்சுண்ணே," என்றது சுண்டெலி. "கொட்டைதான் இருக்கு. உருட்டிப் பாருங்க."