மூன்றாவது ஆள்

படத்தில் இரண்டு நிழல்கள் இருந்தன. அப்படியானால் படத்தை எடுத்தது யார்?

பிரின்ஸிக்கு இது விளங்கவே இல்லை.

கொடைக்கானலில் எடுத்த பழைய கலர் படம். பள்ளத்தாக்கு நிறைய மேகம். மேகத்தின் மேல் ஒரு பெரிய நிழல், பக்கத்தில் ஒரு சின்ன நிழல். பெரியது அவளுடைய அப்பா ஞானமுத்து. இரண்டு கைகளையும் சிறகுபோல விரித்து நிற்கிறார். சின்னது நாலரை வயது பிரின்ஸி. முட்டைக்குக் கால் முளைத்தது போல ஓர் உருவம். அந்தச் சின்னத் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம்.

அந்தப் பயணத்தில் அவளுக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான்.

அப்பாவின் கைகள் விரிந்திருக்கின்றன. ஆகவே கேமரா அவர் கையில் இல்லை. நாலரை வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்திருக்கவும் மாட்டார். கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிற மனுஷர். கட்டிய மனைவியே அதைத் தொட்டதில்லை.

அப்படியென்றால் மூன்றாவதாக ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது ஆள் ஒரு பெண் என்று அம்மா கித்தேரியம்மாள் முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பே முடிவு கட்டிவிட்டாள். அப்பாவும் பிள்ளையும் மட்டும் போய்வந்ததாகச் சொல்லப்பட்ட பயணம் அது. அன்றிலிருந்து அவள் பழனியை விட்டு மலையேறியதே இல்லை. ஞானமுத்து இறந்து இரண்டு வருஷம் ஆகியும் கோபம் இறங்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு அங்கே ஒரு வீடு எடுத்து மூன்று நாள் தங்கலாம் என்று பிரின்ஸி கூப்பிட்டபோதும், "நீ போயிட்டு வா. எனக்கு அந்த ஊர்ல ஒரு சோலியும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

பிரின்ஸி விடுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. ஒரு குழாய் ஒழுகினால்கூட, ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பதினோரு வீட்டுக்காரர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள். உங்கள் பால்கனியில் நின்றால் மேகத்தில் நிழல் விழுமா?

பத்துப் பேர் வெந்நீர் வரும், வைஃபை வரும் என்றார்கள்.

பள்ளங்கி போகும் வழியில் வீடு வைத்திருந்த ஜாபர் அலி மட்டும், "வெயில் முதுகுல அடிக்கணும், மேகம் காலுக்குக் கீழ கெடக்கணும். அப்படி அமைஞ்சா நானே கூப்பிடுறேங்க" என்றார்.

இன்று மாலை நாலரைக்கு வீடியோவில் கூப்பிட்டார்.

திரை முழுக்க வெள்ளை. அதன்மேல் இரண்டு நிழல்கள். ஜாபர் அலியும் அவர் மனைவி ஹாஃபிஸாவும். இடது பக்கத்து நிழலின் தலையைச் சுற்றி அதே வானவில் வட்டம்.

"பாத்தீங்களா, வட்டம் என் தலையில" என்றார் ஜாபர் அலி.

"பொய் சொல்லாதீங்க. என் தலையிலதான இருக்கு." ஹாஃபிஸாவின் குரல்.

"இருபது வருசமா இதே வழக்குதாங்க. இவளுக்கு இவதான் அவுலியா, பெரிய மகான்."

வட்டம் அவர் தலையில்தான் இருந்தது. பிரின்ஸி அதைச் சொன்னாள்.

"ஏங்க, போனை இங்க குடுங்க. நானே காட்டுறேன்."

போன் கைமாறியது. திரை ஒரு நொடி தரையையும் செருப்பையும் காட்டிவிட்டு மேகத்துக்குத் திரும்பியது. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வட்டம் மட்டும் வலது பக்கம் போய் ஹாஃபிஸாவின் தலையில் உட்கார்ந்திருந்தது.

பிரின்ஸி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட திருப்பிக் குடுங்க."

வட்டம் இடது பக்கம்.

"இப்ப நீங்க வாங்குங்க."

வலது பக்கம்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மேகத்தில் இருக்கிற நீர்த்துளிகள் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அதனால் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் வட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையில் தெரியாது.

அவள் பழைய படத்தை மேசையிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, இதை யாரு எடுத்தான்னு நீ கேட்டப்ப, அப்பா என்ன சொன்னாரு?"

பக்கத்தில் கித்தேரியம்மாள் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பாப்பா எடுத்துச்சுன்னாரு. காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"மேடம், எத்தனை பேரு வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே?" போனில் ஜாபர் அலி கேட்டார்.

"சொல்றேண்ணே. இன்னொரு தடவை மட்டும் போனை மாத்திப் பிடிங்க. எங்கம்மா பாக்கட்டும்."

வட்டம் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போவதை அம்மா பார்த்தாள். உரித்த பூண்டுப் பல் கையிலேயே இருந்தது.

பிரின்ஸி பழைய படத்தை முறத்தின் மேல் வைத்தாள். அம்மாவின் விரலைப் பிடித்து அந்தச் சின்ன நிழலின் மேல் வைத்தாள். பிறகு, ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

வட்டம் கேமரா பிடித்திருக்கிறவரின் தலையைச் சுற்றித்தான் விழும். இந்தப் படத்தில் அது என் தலையைச் சுற்றி விழுந்திருக்கிறது.